பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு

நூலக மேசைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலி இன்னும் உங்கள் முதுகுக்குப் பழகியிருக்காது. பழகுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மேசைக்கு வருகிற மாணவர்களில் பாதிப்பேர் கேள்வியோடு வருவதில்லை. முடிவு செய்துவிட்டுச் சாட்சி தேடி வருகிறார்கள். "சார், விளம்பரம் பண்ணா விற்பனை கூடும்னு ஒரு ஜர்னல் ஆர்ட்டிகிள் வேணும்." தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதன் அடியில் கையெழுத்துப் போட எங்கோ ஒரு பேராசிரியர் வேண்டும். அந்த ஆளைப் பிடித்துக் கொடுப்பதுதான் நம் வேலை என்று அவர்கள் நினைக்கிறார்கள். கொஞ்ச நாள் போனால் நாமும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிடுவோம்.

மலையடிவாரத்தில், போளூர் பஸ் போகும் பாதையில் இருந்த ஒரு மேலாண்மைக் கல்லூரியின் நூலகத்தில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தேன். தலையில் கறுப்பு மிச்சம் இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அதற்கு மேலும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. என் மேசைக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதில் ஜவ்வாது மலை. காலையில் நீலம், மதியத்தில் சாம்பல், சாயங்காலம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் குணம் வந்ததோ என்னவோ. தெளிவாகத் தெரிகிற எதையும் இன்னொரு முறை பார்க்காமல் விடமாட்டேன்.

முழுப் பழியையும் மலைமேல் போடக்கூடாது. எங்கள் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுத்த ஓர் அம்மா இருந்தார். என் வயதுதான். ஒரே பஸ்ஸில் வருவோம். அவர் ஆய்வுக் கட்டுரை படிக்கும் விதத்தைப் பார்த்தால் சண்டைக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். கடைசிப் பக்கத்தில் தொடங்குவார். மேற்கோள் பட்டியல், அதற்கு முன்னால் அடிக்குறிப்பு, பிறகு ஆய்வின் குறைகள் என்று ஒப்புக்கொண்டிருக்கும் பத்தி, பிறகு யாரிடம் எப்படிக் கேட்டார்கள் என்ற பகுதி. எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் பக்கத்தின் சுருக்கத்துக்கு வருவார். தலைப்பைப் படிப்பது இறங்கும் ஸ்டாப்பில்.

ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏன் மேடம் எப்பவும் தலைகீழாப் படிக்கிறீங்க?"

"அப்ஸ்ட்ராக்ட்டுன்றது பொண்ணு பாக்க அனுப்பற போட்டோ சார். நல்ல வெளிச்சத்துல நிக்கவெச்சு எடுத்தது. நான் மொதல்ல கொல்லப்பக்கமா போய்ட்டு, துணி எங்க காயுது, குப்பைய எங்க கொட்டறாங்கன்னு பாத்துட்டு வருவேன்."

"அப்ப யாரையும் நம்ப மாட்டீங்களா?"

"நம்புவேன் சார். பின்வாசல் வழியா நம்புவேன்."

சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். அது திரும்பி வந்தது, அரிசி மில் வைத்திருக்கும் கலசப்பாக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் மூலமாக. நெல் சந்தை பற்றி ப்ராஜெக்ட் எழுதினான். ஒரு பக்கம் நிறைய மேற்கோள்களைக் கொண்டுவந்து, சரிபார்த்துத் தரச் சொன்னான். அழகான பட்டியல். ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்கம், எல்லாம் வரிசையாக, ஒரு கமாகூடத் தவறாமல். எனக்கு உறுத்தியது அதுதான். மாணவர்கள் கமா தவறுவார்கள். கமா தவறாத மாணவனை நான் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றாகத் தேடினேன். இதழ் இருந்தது. தொகுதி இருந்தது. அந்தப் பக்கமும் இருந்தது. பக்கத்தில் குடியிருந்தது வேறு யாரோ. நெல் இருக்கவேண்டிய இடத்தில் வங்கி ஊழியர்களின் மன அழுத்தம்.

"இதெல்லாம் எங்கடா எடுத்தே?"

"ஃபோன்ல ஏஐ கிட்ட கேட்டேன் சார். அதுவே குடுத்துச்சு."

"அது படிச்சுதா?"

"படிச்ச மாதிரிதான் சார் பேசிச்சு."

"நீ?"

"நானும் அது மாதிரிதான் சார்."

அவன் நேர்மை எனக்குப் பிடித்தது. பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, ஒரே ஒரு உண்மையான கட்டுரையோடு வரச்சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து, ஒழுங்காக அடுக்கிய எதைப் பார்த்தாலும் உள்ளங்கை அரிக்கும்.

அரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் சந்தியா வந்தாள்.

எம்.பி.ஏ. இரண்டாம் வருடம். புதூர்நாட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மலையில் சாமையும் புளியும் விளைவிக்கும் குடும்பம். அங்கே விவசாயிகள் சேர்ந்து ஓர் உற்பத்தியாளர் குழு வைத்திருந்தார்கள். கீழேயிருந்து ஒரு கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்குக் குழுவின் புளி முழுவதும் அந்தக் கம்பெனிக்குத்தான், விலை முன்கூட்டியே பேசி முடிவு, வெளியில் யாருக்கும் ஒரு கொட்டைகூடக் கொடுக்கக்கூடாது. போடலாமா, வேண்டாமா? அதுதான் அவள் ப்ராஜெக்ட். அவள் எழுதும் பரிந்துரையைக் குழுவின் கூட்டத்தில் படித்துக் காட்டுவதாக ஏற்பாடு. மற்ற மாணவர்களின் ப்ராஜெக்ட் மதிப்பெண்ணோடு முடிந்து அலமாரிக்குள் போய்விடும். இவளுடையது மலைமேல் ஏறி அவள் அப்பாவின் மரங்களில் போய் உட்காரும்.

கையில் ஒரு தாள். ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்த கட்டுரையின் சுருக்கம், அரைப் பக்கம். நம் வடமாவட்ட மலைகளில், முன்பு இதேபோல ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட விவசாயிகளை ஆராய்ந்தது. ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் நன்மை அடைந்தார்கள் என்று முடிந்தது.

"எங்க கிடைச்சுது?"

"கம்பெனி சார் குடுத்தாரு. எங்க தலைவருக்கும் ஒன்னு குடுத்திருக்காரு."

உள்ளங்கை அரித்தது. விற்க வந்தவரே சாட்சியையும் கூட்டிக்கொண்டு வருகிறார். பொய்க் கட்டுரையாகத்தான் இருக்கும் என்று தேடினேன். இல்லை, இருந்தது. நல்ல இதழ். நான் மரியாதை வைத்திருக்கும் இதழ். எழுதியவரும் இருந்தார், பல்கலைக்கழகம் இருந்தது, பக்கம் இருந்தது, அந்தப் பக்கத்தில் அதே கட்டுரைதான் குடியிருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. இதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. சந்தேகப்படுகிறவனுக்குச் சந்தேகம் வீணாகப் போனால் ஒரு வெறுமை வரும். அந்த வெறுமையில் 'சரி, நல்லதுதான், போ' என்று சொல்லி அனுப்பிவிடத் தோன்றும். அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பலர் வழுக்குகிறார்கள். கட்டுரை இருக்கிறது என்பது ஒன்று. கட்டுரை அதைச் சொல்கிறது என்பது வேறு.

"முழுக் கட்டுரை எங்கே?"

"ப்ராஜெக்ட் கைடு சார் அப்ஸ்ட்ராக்ட் போதும்னாரு. முழுசா படிக்க நமக்கு அனுமதி இல்லியாம்."

அது உண்மை. அந்த இதழுக்குக் கல்லூரி சந்தா கட்டுவதில்லை. கைடு சொன்னதில் வேறு அர்த்தம் உண்டா என்றும் யோசித்தேன். அந்தக் கம்பெனி எங்கள் மாணவர்களை வேலைக்கு எடுப்பதாகப் பேச்சு இருந்தது, பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். என்னிடம் ஆதாரம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதனால் அவர்மேல் இதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டேன்.

சந்தியாவிடம் ஒரு வழி சொன்னேன். உங்களில் பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கூச்சம். கட்டுரை எழுதியவருக்கு நேராக ஒரு மெயில் போடச் சொன்னேன். ஆய்வாளர்களைப் பற்றி நான் அறிந்த வரையில், தாங்கள் எழுதியதை ஒருத்தர் படிக்க ஆசைப்படுகிறார் என்று கேள்விப்பட்டால் அவர்கள் இலவசமாக அனுப்புவார்கள், சந்தோஷமாக அனுப்புவார்கள்.

அவள் எழுதிக்கொண்டு வந்த முதல் மெயில், தாசில்தாருக்குப் போடும் மனு மாதிரி இருந்தது. பணிவான வேண்டுகோள், சமூகத்தின் நலன், தங்கள் கனிவான பார்வை.

"இத்தன பணிவு எதுக்கு? நீ யாரு, எந்த ஊரு, எதுக்குப் படிக்கணும். மூணே விஷயம்."

"ஊரு பேரு போட்டா கேவலமா நினைக்க மாட்டாங்களா சார்?"

"ஊரு பேரப் பாத்துதான் அனுப்புவாங்க."

பதில் மறுநாளே வந்துவிட்டது. எழுதியவர் ஒரு பெண். நம் நாட்டில் பிறந்து வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். முழுக் கட்டுரையையும் இணைத்து, அந்த மலையிலிருந்தே ஒருத்தர் படிக்கக் கேட்பது இதுதான் முதல் முறை என்று எழுதியிருந்தார்.

புள்ளியியல் அம்மாவைக் கூப்பிட்டேன். மூவரும் நூலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்தோம். அம்மா வழக்கம்போலக் கட்டுரையைக் கவிழ்த்துக் கடைசிப் பக்கத்திலிருந்து வரத் தொடங்கினார். சந்தியா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கூடவே வந்தாள். வெளியே மலை சாம்பலாக இருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புகார் சொல்லிக்கொண்டிருந்தது.

அடிக்குறிப்பு ஒன்றில் சந்தியாவின் விரல் நின்றது. சின்ன எழுத்து. யாரிடம் கேட்டார்கள் என்பதை விளக்கும் இடம். ஒவ்வோர் ஊரிலும் வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்ததாகவும், வீடு பூட்டியிருந்தால் அதற்குப் பதிலாக அடுத்த வீட்டை எடுத்துக்கொண்டதாகவும் சொன்னது.

"சார்."

"இன்னாம்மா?"

"இது எங்க வூடு சார்."

"எது?"

"பூட்டின வூடு."

விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. பிறகு அவள் சொன்னாள். சாமை அறுப்பு முடிந்ததும் அவர்கள் ஊரில் பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடகுக்குப் போகும். காப்பிப் பழம் பறிக்க. கார்த்திகையில் போனால் மாசி, பங்குனியில் திரும்பும். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். சாவி வைத்திருப்பவர்தான் அந்த வீட்டுக்கு எல்லாமும். வாசல் பெருக்குவார், விளக்கேற்றுவார், ஆட்டைப் பார்த்துக்கொள்வார், கோயில் வரி கேட்டு வந்தால் அவர்தான் பதில் சொல்வார்.

"எங்கப்பா அந்த முன்னாடி கம்பெனி ஒப்பந்தத்துல இருந்தாரு சார். மொத வருஷம் புளி ஈரமா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெளிய விக்கவும் கூடாதுன்னாங்க. அத்தோட விட்டுட்டு, மரத்தப் பக்கத்து வூட்டு காசியம்மா அத்தைக்குக் குத்தகைக்கு வுட்டுட்டு, குடகுக்குப் போய்ட்டாரு. நான் ஹாஸ்டல்ல இருந்தேன். பொங்கலுக்கு வந்தா வூடு பூட்டியிருக்கும். அத்தை வூட்லதான் இருப்பேன். ஒரு தடவ ஒரு அக்காவும் அண்ணனும் கையில டேப்லெட்டு வெச்சுக்கினு வந்து அத்தையக் கேள்வி கேட்டுனு இருந்தாங்க. நான்தான் தண்ணி குடுத்தேன்."

"அத்தை கம்பெனியில இருந்தாங்களா?"

"இருந்தாங்க. அவங்களுக்கு மரம் அதிகம். காயவைக்கக் களம் இருக்குது. அவங்க புளிய எடுத்துக்கினாங்க."

புள்ளியியல் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்படும்போது செய்கிற வேலை அது. ஆனால் கோபமாகப் பேசவில்லை.

"பூட்டின வூட்டுக்குப் பதிலா அடுத்த வூடு எடுக்கறது தப்பு இல்லம்மா. எல்லாரும் செய்யறதுதான். ஆனா பூட்டு எதேச்சையாத் தொங்கணும். ஒரு வூட்ல கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, இன்னொரு வூட்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, அப்டின்னா சரி. உங்க ஊர்ல பூட்டு எதேச்சையாத் தொங்கல. நட்டப்பட்டவங்க வூட்ல மட்டும் பாத்துத் தொங்குது."

எந்த மாதத்தில் வந்து கேட்டார்கள் என்று அந்த ஆய்வாளருக்கு சந்தியா இன்னொரு மெயில் போட்டாள். பதிலில் ஒளிவுமறைவு இல்லை. தை மாதம். பல்கலைக்கழக விடுமுறை அப்போதுதான் கிடைத்தது. பூட்டிய வீடுகள் கொஞ்சம் அதிகம் என்று உறுத்தியதாகவும், அதனால்தான் அடிக்குறிப்பில் போட்டுவைத்ததாகவும், இதுவரை யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தார். கூடவே, குடகு விஷயம் தனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி என்று. அவர் பொய் சொல்லவில்லை. கம்பெனி ஆளும் பொய்த் தாள் கொடுக்கவில்லை. யாருமே பொய் சொல்லாமல் ஒரு பொய் மலையேறிக்கொண்டிருந்தது. நம் வேலையில் இதைவிடப் பயங்கரமானது எதையும் நான் பார்த்ததில்லை.

இப்போது சந்தியாவுக்குக் கோபம் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தம் கூடாது என்று பரிந்துரையை ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நட்டம்னு எந்தக் கட்டுரை சொல்லுது?"

"இதுதான் மேடம்."

"இது சொல்லல. இதுக்குத் தெரியாதுன்னுதான் நமக்குத் தெரிஞ்சுது. கெட்டதுன்னு தெரியல. உங்கப்பா வூடு ஒன்னு. மீதி பூட்டெல்லாம் எதுக்குத் தொங்குச்சுன்னு நீ கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கத் தொடங்கினாள். குடகுக்கு ஃபோன் போட்டு, காப்பித் தோட்டத்தில் சாப்பாட்டு வேளையில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நிற்பவர்களாகப் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். பாதியில் அறுந்துபோகும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து கேட்பாள். கம்பெனியால் போனவர்கள் இருந்தார்கள். கம்பெனிக்கு முன்பிருந்தே போகிறவர்கள் இருந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் செய்யவேண்டும் என்று போனவர்களும் இருந்தார்கள். பதில் கலங்கலாகத்தான் வந்தது. கலங்கலாக வந்ததால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை வந்தது.

இதற்கிடையில் ஊரிலிருந்து சேதி. கையெழுத்துப் போடும் கூட்டம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. ஊரில் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று குழுவிலேயே பேசி ஒரு வழி கண்டிருந்தார்கள். சாவி வைத்திருப்பவர்களே அந்த வீட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் அவர்கள்தானே பதில் சொல்கிறார்கள். கம்பெனி ஆளுக்கும் அது போதுமாம்.

சந்தியா நூலகத்திலிருந்தே அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் காப்பித் தோட்டத்துக் காற்று இரைந்தது. சின்னசாமி, அவள் அப்பா, களைத்த குரலில் பேசினார்.

"அத்தையே போடட்டும் கண்ணு."

"நீ படிக்கலியேப்பா."

"சாவியே குடுத்திருக்கேன். கையெழுத்து இன்னா பெருசு? இந்தக் குளுரு நின்னா போதும் எனக்கு. கம்பெனி புளிய எடுத்துக்கினா நான் ஏன் இங்க வர்றேன்?"

"போன தடவயும் இதத்தான சொன்னே?"

"போன தடவ புளி ஈரம். இந்தத் தடவ காயவெப்பேன். வுடு. மேஸ்திரி கூப்புடறான்."

அறுந்துவிட்டது. சின்னசாமி சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் சந்தேகத்துக்கு அந்தக் குளிர் தெரியாது.

அந்த ஞாயிறு நானும் போனேன். அழைப்பு இல்லை. மலையைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ்ஸில் போய், அடிவாரத்தில் ஜீப் பிடித்து, பின்கம்பியில் ஒரு கை, பலாப்பழ மூட்டை மாதிரி ஓர் ஆளின்மேல் மறு கை. வளைவுக்கு வளைவு மலை என்னைச் சரிபார்த்துக்கொண்டு வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் பூட்டுகளைத்தான் பார்த்தேன். கதவு, பூட்டு. கதவு, கோலம். கதவு, பூட்டு. பூட்டிய வீட்டு வாசலும் பெருக்கித்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம். கம்பெனி ஆள் மரியாதையானவர். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், எனக்கும் சொன்னார். தலைவர் அந்தச் சுருக்கத் தாளை உயர்த்திப் பிடித்து, "வெளிநாட்ல எழுதியிருக்காங்க, நம்ம மலையப் பத்தி" என்றார். பிறகு சந்தியாவைப் பேசச் சொன்னார்.

அவள் பரிந்துரையைப் படிக்கவில்லை. அடிக்குறிப்பைத் தமிழில் சொன்னாள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீடு. அவ்வளவுதான். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காசியம்மாவைப் பார்த்தாள்.

"அத்தே, டேப்லெட்டு வெச்சுக்கினு வந்தாங்களே, உன்னக் கேட்டாங்களே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. அந்தப் பொண்ணு மோர் குடிச்சிட்டுப் போச்சு."

"எங்க வூட்டப் பத்தி எதாச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலியே. என்னப் பத்தி மட்டுந்தான் கேட்டாங்க."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே?"

காசியம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா சொல்லுவேன். புளியத் திருப்பி அனுப்பிட்டாங்க, உங்கப்பன் வூட்டப் பூட்டிக்கினு போய்ட்டான்னு சொல்லியிருப்பேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு."

வராந்தாவில் ஒரு சலசலப்பு. தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, அது பழைய கத. இப்ப அவங்கவங்க சாவிக்குக் கையெழுத்துப் போடலாம், வாங்க." பேனா முதலில் காசியம்மாவிடம்தான் வந்தது. வாங்கினார். தாளைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டார்.

"எனக்குப் போடறேன். சின்னசாமிக்குப் போடமாட்டேன்."

"அவரே ஃபோன்ல சரின்னு சொல்லிட்டாரும்மா" என்றார் கம்பெனி ஆள்.

"சொன்னாம்பா. அவன் மரத்தையும் நான்தான் உலுக்கறேன். அவன் திரும்பி வந்து மரத்தக் கேட்டா எனக்கு நட்டம். அவன் வராம இருந்தா எனக்கு லாபம். அப்டி இருக்கறவ அவனுக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவன் மூஞ்சிய எப்டிப் பாக்கறது? சாவின்னா வாசல் பெருக்குவேன். மூணு வருஷத்தப் பெருக்க முடியாது."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப எனக்கும் வாணாம். எங்கிட்ட மூணு வூட்டு சாவி கீது, மூணு பேரு திட்டு வாங்க முடியாது." சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கூட்டம் கலைந்தது. பங்குனிக்குத் தள்ளி வைத்தார்கள், எல்லோரும் திரும்பிய பிறகு.

"எங்களுக்கு ஒன்னும் அவசரம் இல்லீங்க" என்றார் கம்பெனி ஆள், அதே மரியாதையோடு. அவசரம் இல்லையென்றால் தை மாதத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று ஜீப்பில் இறங்கும் வழியெல்லாம் யோசித்தேன். அவராக இருக்கலாம். தலைவராக இருக்கலாம். யாரும் தேர்ந்தெடுக்காமல், விடுமுறை கிடைத்தபோது வந்த அந்த ஆய்வாளர் மாதிரி, சும்மா அமைந்துபோயிருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது.

சந்தியா ப்ராஜெக்டை முடித்தாள். பரிந்துரைப் பகுதியில், இருக்கும் கட்டுரையைக் கொண்டு சொல்ல முடிவது எது, சொல்ல முடியாதது எது என்று பிரித்து எழுதியிருந்தாள். சொல்ல முடியாதது நீளமாக இருந்தது. கைடுக்குப் பிடிக்கவில்லை. மேலாண்மை மாணவி முடிவு சொல்லவேண்டாமா என்றார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவரும் அதையே கேட்டார். "கையெழுத்துப் போடறவங்க எல்லாரும் ஊர்ல இருக்கும்போது போடணும். பாதியில விலக வழி இருக்கணும். இது ரெண்டும் என் முடிவு சார். மீதி எனக்குத் தெரியாது" என்றாளாம். அவர் அந்த அடிக்குறிப்பைக் காட்டச் சொன்னாராம். தேறிவிட்டாள்.

ஆகவே, புதிதாக வந்தவர்களே, உங்களிடம் ஒரு மாணவர் கட்டுரையோடு வந்தால் அது உண்மையா என்று பாருங்கள். உண்மையாக இருந்தால் அங்கே நின்றுவிடாதீர்கள். யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள், விடப்பட்டவரின் சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். சந்தேகம் கிடைத்த சந்தோஷத்தில் எதிர்ப்பக்கம் போய் விழவும் வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டால் பிரசங்கம் மாதிரி இருக்கும். அதனால் பங்குனிக் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் போனதற்குக் காரணமே, என் சந்தேகத்தை அந்த ஊர் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான்.

பூட்டுகள் இல்லை. வராந்தா போதாமல் மரத்தடிக்கும் ஆட்கள் வழிந்திருந்தார்கள். சின்னசாமியை அன்றுதான் பார்த்தேன். ஒல்லியான ஆள், விரல் நுனியெல்லாம் காப்பிக் கறை. கம்பெனி புது ஒப்பந்தம் கொண்டுவந்திருந்தது. ஒரு வருடம், பாதியில் விலக வழி உண்டு. சந்தியா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் என்னிடம் திரும்பினார்.

"நீங்க இன்னா சொல்றீங்க சார்? போடலாமா?"

"எனக்குத் தெரியலீங்க."

"அவ்ளோ பொஸ்தகம் இருக்குதாமே உங்க கிட்ட."

"இருக்குது. இதுக்கு இல்ல."

சிரித்தார். "போடத்தான் போறேன் சார். இன்னொரு குளுர என்னால தாங்க முடியாது" என்றார். கம்பெனி ஆள் ஒப்பந்தத்தை விரித்து, முதல் பக்கத்தைத் தடவி நேராக்கி, பேனாவை அதன்மேல் வைத்தார். சின்னசாமி பேனாவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். ஒப்பந்தத் தாள்களை அப்படியே கவிழ்த்தார்.

"அது கடைசிப் பக்கங்க. மொத பக்கம் இந்தாண்ட."

"தெரியும்" என்றார் சின்னசாமி. மகள் பக்கம் பார்க்காமலே தாளை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார். இருவரும் குனிந்து, அடியிலிருந்த சின்ன எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்கள்.